கொல்லைப்புற ஷெட்டில் ஒரு ஹெரால்டு

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் என் தாத்தா கட்டிய வீட்டை அடுக்குமாடிக்காக பில்டரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். கொல்லைப்புறத்து ஷெட்டைக் காலி செய்தபோது பழைய கட்டில்களுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் பின்னால் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. இரண்டு கதவு, எம்.எஸ். என்று தொடங்கும் நம்பர். 1964இல் புதிதாக வாங்கியது என்கிறார் அப்பா. 1986இல் தாத்தா காலமான பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, ஆனால் கரையான் பாதி தின்றுவிட்டது. 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா. வெளிநாட்டில் இப்படிக் கண்டெடுத்த கார்கள் கோடிக்கணக்கில் விலைபோகின்றன, புதுப்பித்து விற்கலாம் என்கிறான் தம்பி. ஒரு தரகர் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். பக்கத்துத் தெரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை பேட்டரியோடு வந்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்குக்கு போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சித்தப்பா, தம்பி, தரகர் மூவருக்கும் அடுத்த வாரம் பதில் சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பேட்டரியை மாட்டினால் அரை நிமிடத்தில் கெட்டுவிடும்.

ஏறத்தாழ 40 வருடம் சுழலாத இன்ஜின் அது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிப் போயிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் ரிங் உடையலாம், ஒட்டிய வால்வு அசையாமல் நிற்க, அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையலாம். அந்தக் காலத்து ஒயர்களின் மேலுறை விரலால் தொட்டாலே உதிரும். எலி கடித்தது போக மீதிதான் உங்களுக்கு. அதில் மின்சாரம் பாய்ந்தால் புகை வரும், சில சமயம் தீயே வரும். இன்னொரு சங்கதி இன்றைய மெக்கானிக்குகள் பலருக்குத் தெரியாது: 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பழக்க தோஷத்தில் மாற்றி இணைத்தால் டைனமோவும் மின்சாரச் சாமான்களும் பழுதாகும். பாடியிலிருந்து பேட்டரிக்கு வரும் எர்த் பட்டை எந்த முனைக்குப் போகிறது என்று பார்க்காமல் பேட்டரியைப் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்தான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? ஷெட்டுக்குள் நுழைந்ததா? மாம்பலத்தில் பல வீடுகளில் நுழைந்தது. ஷெட் சுவரில் கோடு இருக்கும். காரின் கதவு உள்ளட்டையிலும் சீட்டின் அடிப்பகுதியிலும் அதே உயரத்தில் வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் வண்டி நின்றுபோன 1986ஐ மறந்துவிட்டு, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றே அதை நடத்த வேண்டும். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்ஜினின் கீழே எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைப் பொறுமையாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிட கனம் என்பதால் உள்ளே போயிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். கியர்பாக்ஸிலும் பின் ஆக்சிலிலும் இதே சோதனை. மூன்றிலும் கறுப்பு எண்ணெய் மட்டும் வந்தால், உங்கள் தாத்தா ஷெட்டைக் கொஞ்சம் மேடாகக் கட்டியதற்கு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. 15 வருடக் கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகரப் பகுதிக்கும் உரியது. பெட்ரோல் வண்டிக்கு 15, டீசல் வண்டிக்கு 10 என்று நீதிமன்ற உத்தரவுகளால் வந்த தடை அது. அங்கேயே வழக்கும் மறுவழக்குமாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு 15 வருடம் முடிந்தால் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை அதையே செய்ய வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். புதுப்பிக்காத காரைச் சாலையில் ஓட்டினால் குற்றம். சொந்த ஷெட்டில் நிற்கிற காரை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

இனி தம்பியின் கோடிகள். அவர் பார்த்த செய்தி பிரான்ஸில் கிடைத்த பையோன் குடும்பத்துக் கார்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். ரோஜர் பையோன் என்ற லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர் கார் அருங்காட்சியகம் அமைக்கும் எண்ணத்தில் சேர்த்து வைத்தவை. தொழில் நொடித்த பிறகு பண்ணை வீட்டுக் கொட்டகைகளில் தகரக் கூரையின் கீழ் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2014இல் வெளியுலகுக்குத் தெரியவந்து, 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் போயின. நடிகர் அலென் டெலோனிடம் ஒரு காலத்தில் இருந்த ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அது 1.63 கோடி யூரோவுக்குப் போயிற்று. அந்த விலைக்குக் காரணம் அதே ரகத்தில் மொத்தமே செய்யப்பட்டவை சுமார் நூறுதான் என்பது. உங்கள் ஹெரால்டு, நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவதற்கென்று தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவந்த கார். தம்பியிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஏலத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அந்த ஃபெராரியை யாரும் கழுவிப் பளபளவென்று ஆக்கி ஏலத்துக்குக் கொண்டுவரவில்லை. தூசும் கீறலுமாக, கிடைத்த கோலத்திலேயே வைத்தார்கள். பழைய காரில் முதல் பெயின்டும் முதல் சீட்டுத் துணியும் ஒருமுறைதான் இருக்கும். போனால் எவ்வளவு செலவழித்தாலும் வராது. நம் ஊரில் நடப்பது நேர்மாறு. கார் வெளியே வந்த மறுநாளே டிங்கரிங், கிலோக்கணக்கில் பட்டி, மேலே ரத்தச் சிவப்பில் ஒரு பூச்சு, உள்ளே ரெக்சின். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தால் சரி. விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் பட்டிக்கு அடியில் எவ்வளவு துரு என்றுதான் முதலில் யோசிப்பார், விலையைப் பாதியாகக் குறைப்பார்.

ஆகவே கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். தூசுக்குள் மணல் இருக்கிறது, தேய்த்தால் பெயின்டைச் சுரண்டும். தண்ணீர் மடிப்புகளுக்குள் இறங்கித் துருவைப் பெருக்கும். ஷெட்டில் நின்ற நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு உள்ளே கையுறை போட்டுக்கொண்டு, கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பார்த்து, தேடுங்கள். பாம்பு இல்லாவிட்டாலும் தேளாவது இருக்கும். டேஷ்போர்டு அறையில், சீட்டின் அடியில், டிக்கியில் கிடப்பதை எல்லாம் ஒரு பெட்டியில் சேருங்கள்: பெட்ரோல் ரசீது, பழைய இன்சூரன்ஸ், சர்வீஸ் புத்தகம், ஜாக்கி, ஸ்டார்ட்டிங் ஹேண்டில், காரில் ரேடியோ இருந்தால் அதற்கான உரிமப் புத்தகம். குப்பை போலத் தெரியும். தாத்தாவே புதிதாக வாங்கி, ஒரே குடும்பத்தில் இருந்து, கணக்குக் காகிதங்களோடு கிடைக்கும் கார் என்பதுதான் உங்களிடம் உள்ள உண்மையான சொத்து. கழன்று கிடக்கும் குரோம் பட்டைகள், கிரில், பெயர்த் தகடு, விளக்கு வளையம் இவற்றில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் காரின் மூலமான இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கும் அதன் உறவான ஸ்பிட்ஃபயர் காருக்கும் அங்கே பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வரவழைக்கலாம். இந்திய ஹெரால்டுக்கென்றே செய்த அலங்காரச் சாமான்கள்தான் கிடைப்பதற்கரியவை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கியும் புதுப்பேட்டையில் சலித்துப் பார்த்தும் வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இது உங்கள் ஊரிலேயே பிறந்த கார் என்பது வீட்டில் இளையவர்களுக்குத் தெரியுமா? 1940களின் இறுதியில் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இதைச் செய்தது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஹெரால்டு என்று இருந்த காலம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த கார் 1959இல் இங்கிலாந்தில் வந்தது, 1961இல் இங்கே. 948 சி.சி. இன்ஜின். நாலு கதவு ஹெரால்டு 1960களின் கடைசியில்தான் வந்தது. உங்களுடையது இரண்டு கதவு என்பதும், 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறுவதற்கு முந்தைய எம்.எஸ். வரிசை நம்பர் என்பதும் அப்பா சொல்லும் வருடத்தோடு ஒத்துப்போகின்றன. தியாகராய நகர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அம்பாசிடரின் டி.எம்.எக்ஸ். 4777 அதற்கு அடுத்த தலைமுறை நம்பர். முழு வட்டமாகத் திரும்ப ஹெரால்டுக்கு 25 அடி போதும். மாம்பலத்துத் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான கார் அன்றைக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் காரைப் பற்றி எனக்கு நம்பிக்கை தருவது அதன் கட்டுமானம். அப்போதே பல கார்களில் பாடியும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஹெரால்டில் தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி. பாடித் தகடு செய்து தரும் பெரிய ஆலை கிடைக்காததால், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி இணைக்கிற மாதிரி வடிவமைத்தார்கள். அந்தக் காலத்து நெருக்கடி நமக்கு வசதியாகிவிட்டது. துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம். மூக்குப் பகுதி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், அப்போது முன் சக்கரம், சஸ்பென்ஷன், இன்ஜின் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரும். நீங்களே பார்க்கக்கூடியவை சில. சேசிஸின் நடுவிலிருந்து பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே அரித்திருக்கிறது, முனை உள்ளே போய்விட்டால் வெல்டிங் வேலை பெரிது. கதவுகளுக்குக் கீழே உள்ள படிப்பகுதி, கால் வைக்கும் தரை, டிக்கித் தரை இவற்றையும் தட்டிப் பாருங்கள். சென்னைக் காற்றின் உப்பு இந்த இடங்களில்தான் குடியிருக்கும்.

முன் சக்கரங்களை மேலும் கீழும் இணைக்கும் பகுதியில், அடியில், ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. அதற்கு கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய் போட வேண்டும். பல வொர்க்ஷாப்புகளில் கிரீஸை அடித்து அடைத்துவிடுவார்கள். உள்ளே வறண்டு, திருகு மரை அரித்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கி விழும். இத்தனை வருடம் நின்ற காரில் அதன் நிலை தெரியாமல் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. பிரேக்கும் அப்படியே: பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும்.

இன்ஜின் எண்ணெயில் தண்ணீர் இல்லை என்று உறுதியானால், நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான எண்ணெயும் (ஏ.டி.எஃப்.) சமமாகக் கலந்து கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாள் அப்படியே விடுங்கள். பிறகு கையால், ஹேண்டிலாலோ முன்புற புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டோ, இரு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மகிழ்ச்சி. அசையாவிட்டால் நீளக் குழாயை மாட்டி பலம் காட்ட வேண்டாம். இன்னொரு வாரம் பொறுங்கள். இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. பெட்ரோல் டேங்கில் மிச்சம் இருந்தது பசையாகியிருக்கும், அதை வொர்க்ஷாப்பில் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பர் குழாயும் பம்ப்பின் சவ்வும் அதைத் தாங்காது, மாற்றியே ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ளவர்களில் நான் பயப்படுவது தரகரைப் பார்த்து. இந்த நிலையில் உள்ள காருக்கு 40,000 என்பது அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். ‘ஆர்.சி. புத்தகத்தோடு’ என்று அவர் அழுத்திச் சொல்வதுதான் உறுத்துகிறது. தாத்தா பெயரில் உள்ள புத்தகமும் நம்பர் பிளேட்டும் சேசிஸ் எண் தகடும் கையெழுத்துப் போட்ட காலிப் படிவங்களும் கைமாறிவிட்டால், அந்த அடையாளத்தோடு நாளை வேறொரு வண்டி ஓடலாம். விபத்தோ வழக்கோ வந்தால் போலீஸ் வருவது மேற்கு மாம்பலத்துக்கு. காயலான் கடைக்குப் போட்டாலும் இதே ஆபத்துதான்; அழிப்பதாகவே முடிவு செய்தால் அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்யுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? தாத்தா சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் உள்ள அதே பங்கு அத்தைகளுக்கும் உண்டு. உங்கள் கடிதத்தில் அத்தைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்தால், வீட்டு விஷயத்தில் கையெழுத்து வாங்கியதைப் போலவே கார் விஷயத்திலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 40,000 ரூபாய்க்கு ஆகாத சண்டை, கார் உயிர் பெற்று ஓடும்போது வரும்.

யார் பெயருக்கு மாற்றுவது என்று முடிவானதும் தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், படிவம் 31 இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை, அபராதம் விழும். கரையான் தின்ற புத்தகத்துக்கு மாற்றுப் பிரதி வாங்கப் படிவம் 26. 1964இல் பதிவானது கணினியில் இராது, பழைய கையெழுத்துப் பதிவேட்டில் தேடி ஏற்ற வேண்டியிருக்கும். அலைச்சல்தான். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் எஞ்சியிருக்கும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இன்ஜின் எண் பொருந்தாவிட்டால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2021இல் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத சொந்த உபயோக வண்டி அதற்குத் தகுதி பெறும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் வரை போய் காபி குடித்துவிட்டு வருவதுதான் உங்கள் ஆசை என்றால், சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே மேல். எந்த வழியானாலும், மாருதி இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனி விற்பதா வைப்பதா. ஹெரால்டை முழுதாகச் சீரமைக்க ஆகும் செலவு, சீரமைத்த பின் கிடைக்கும் விலையைப் பெரும்பாலும் தாண்டிவிடும். இந்தத் தொழிலில் சாப்பிடுகிற நானே சொல்கிறேன். லாபத்துக்காக என்றால் தம்பி அதில் இறங்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது அந்த கார் வேண்டும் என்று இருந்தால், வருடத்துக்கு ஒரு வேலையாக, முதலில் பிரேக், பிறகு சஸ்பென்ஷன், அப்புறம் இன்ஜின் என்று ஓட வைக்கலாம். பெயின்டை இருக்கிறபடியே விடலாம். முடிவெடுக்கும் முன் தம்பியை ஒருமுறை கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். பழைய காரைப் பராமரிப்பது என்றால் என்ன என்று பார்த்துவிட்டு வரட்டும். யாருக்கும் வேண்டாம் என்றால், தொடாத நிலையில், காகிதங்களோடு, பெயர் மாற்றம் செய்து, விவரம் தெரிந்தவருக்கு விற்றுவிடுங்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் உறுப்பினர்களிடம் சொன்னால் தேடி வருவார்கள். அவர்களில் ஒருவர் தரகரைவிடக் குறைவாகச் சொன்னாலும் அவருக்கே கொடுங்கள் என்பேன்.

இடிப்பதற்கு முன் காரை அப்புறப்படுத்தும்போது பம்பரில் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். டயர்களில் காற்று அடைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் நின்றால் போதும். சக்கரம் சுழலாவிட்டால் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் சிறு உருளைத் தட்டுகளை வைத்துத் தள்ளி, பின்தட்டு சாய்ந்து இறங்கும் மீட்பு வண்டியில் ஏற்றுங்கள். கூரையுள்ள, தரை ஈரமில்லாத இடமாகப் பாருங்கள்; பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து ஒரு மழைக்காலத்திலேயே துரு கிளம்பும், பழைய பருத்திப் போர்வை போதும். பில்டரின் மேஸ்திரி தன் கிடங்கில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், சிமென்ட் தூசும் கண்ணாடியும் சேராது.

எண்ணெய் வடித்துப் பார்த்த படங்களையும் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரதியையும் அனுப்புங்கள். இன்ஜினைத் திறக்க வேண்டுமா, அப்படியே ஓட்டிப் பார்க்கலாமா என்பதை அதைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.